மோரோ கிரிஸ் வாள்: வகை காண்பதும் வயது சொல்வதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படத்தை அனுப்பி, "இது எத்தனை வருஷத்துப் பழசு?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எந்தப் பாகம்?" கிரிஸ் வாளில் அலகுக்கு ஒரு வயது, பிடிக்கு ஒரு வயது, உறைக்கு ஒரு வயது. மூன்றும் ஒரே நாளில் பிறந்த வாள் கைக்கு வருவது அபூர்வம். இது புரிந்துவிட்டால் கீழே இருப்பதில் பாதி உங்களுக்குத் தானாகவே விளங்கிவிடும்.

மோரோ கிரிஸ் என்பது யாருடைய வாள்?

பிலிப்பைன்ஸின் தெற்கே மிண்டனாவோ தீவும், அங்கிருந்து போர்னியோ பக்கமாகச் சங்கிலி போல நீளும் சூலு தீவுக்கூட்டமும் இருக்கின்றன. அங்கே வாழும் முஸ்லிம் மக்களான தௌசுக், மகிண்டனாவோ, மரனாவோ, யாக்கான், சாமா, இரானுன் ஆகியோரின் வாள் இது. ஸ்பானியர்கள் தங்கள் ஊரில் எதிர்த்து நின்ற முஸ்லிம்களை "மோரோ" என்று அழைத்தார்கள். இங்கே வந்தும் அதே பெயரை ஒட்டினார்கள். ஏளனமாக ஒட்டிய பெயரை அந்த மக்கள் பிறகு பெருமையாக எடுத்துக்கொண்டார்கள். இன்று அந்தப் பகுதியில் இருக்கும் தன்னாட்சி அரசான பாங்சமோரோவின் கொடியில் பிறை, நட்சத்திரத்தோடு இந்த வாளும் இருக்கிறது.

தௌசுக் மொழியில் இதற்குக் கலிஸ் என்று பெயர். மிண்டனாவோ பக்கம் சுண்டாங் என்பார்கள். சேகரிப்பாளர்கள் பேச்சில் கிரிஸ். நானும் அப்படியே எழுதுகிறேன்.

மலேசியாவில் பார்க்கிற கெரிஸும் இதுவும் ஒன்றா?

பங்காளிகள், ஆனால் தொழில் வேறு. ஜாவா, மலாய்க் கெரிஸ் குத்துவதற்கான குறுவாள். இடுப்பில் செருகுவது, சடங்குக்கு எடுப்பது. மோரோ கிரிஸ் வெட்டுவதற்கான வாள். அலகு மட்டுமே பொதுவாக 45 முதல் 60 சென்டிமீட்டர் இருக்கும். அகலமும் கனமும் கூடுதல். இரண்டு பக்கமும் கூர்.

பிடிக்குள் போகும் காம்பிலும் வித்தியாசம் உண்டு. கெரிஸின் காம்பு உருண்டை. பிடியை இலேசாகத் திருகினால் கழன்றுவிடும். ஓங்கி வெட்டுகிற வாளுக்கு அது சரிப்படாது, கைக்குள்ளேயே அலகு சுழன்றுவிடும். அதனால் மோரோ கொல்லர்கள் காம்பைச் சதுரமாக அடித்தார்கள். பழைய வாள்களில் மட்டும் உருண்டைக் காம்பு தட்டுப்படும். கெரிஸிலிருந்து வளர்ந்து வந்த வாள் என்பதற்கு அது ஒரு சாட்சி.

பாகங்களின் பெயர் தெரியாமல் எப்படிப் பார்ப்பது?

வாளைப் பிடி மேலாகவும் முனை கீழாகவும் பிடித்துக்கொள்ளுங்கள். பிடியின் உச்சியில் இருப்பது தலைக்குமிழ். அதன் கீழே கயிறோ வெள்ளிக் கம்பியோ சுற்றிய கைப்பிடி. பிடி முடிந்ததும் அலகின் குறுக்கே, இரண்டு ஓரமும் சமமில்லாமல் ஒரு பக்கம் கூராக நீண்டு நிற்கும் இரும்புத் துண்டுதான் கங்யா. இந்தப் பக்கத்தின் கதாநாயகன் அதுதான்.

கங்யாவை ஒட்டி அலகின் அடியில் ஒரு பக்கம் சுருண்ட வெட்டு ஒன்று தெரியும். சேகரிப்பாளர்கள் அதை யானைத் துதிக்கை என்பார்கள். பார்த்தவுடன் உங்களுக்கே அப்படித்தான் தோன்றும். எதிர்ப்பக்கத்தில் முள் முள்ளாகச் சிறு வெட்டுகள் இருக்கும். பிடியிலிருந்து இறங்கி, கங்யாவையும் அலகையும் கவ்விப் பிடிக்கும் உலோகப் பட்டைக்கு அசாங்-அசாங் என்று பெயர்.

வளைவு எவ்வளவு அதிகமோ வாள் அவ்வளவு பழசு என்கிறார்களே?

இல்லை. வளைவே இல்லாத நேரான கிரிஸ் எல்லாக் காலத்திலும் உண்டு. மேல்பாதி வளைந்து கீழ்ப்பாதி நேராக ஓடும் வகையும் உண்டு. தௌசுக் பேச்சில் வளைந்தது கலிஸ் சேக்கோ, நேரானது கலிஸ் துலித், பாதிப்பாதி கலிஸ் தலுசேக்கோ. போரில் நேரான அலகுதான் செய்யவும் தீட்டவும் வசதி. வளைவு கண்ணுக்கு அழகு, விற்கிறவருக்கு இலாபம்.

எண்ணிக்கையால் வயது வராது. ஆனால் வளைவின் தன்மை கொஞ்சம் பேசும். நல்ல பழைய அலகில் வளைவு ஆழமாக இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பது போல ஒழுகும், முனை நோக்கிப் போகப் போகச் சிறுத்துக்கொண்டே வரும். 20-ஆம் நூற்றாண்டின் பல வாள்களில் அகலமான அலகின் ஓரத்தை மட்டும் அலையலையாக அரத்தால் ராவி எடுத்தது போல வளைவு மேலோட்டமாக நிற்கும். கொல்லர் சூட்டில் வளைத்ததற்கும் ஓரத்தை வெட்டி எடுத்ததற்கும் வித்தியாசம் காண ஒரு வழி சொல்கிறேன். அலகின் நடுக்கோட்டைக் கண்ணால் பின்தொடருங்கள். ஓரம் வளையும்போது நடுவும் சேர்ந்து வளைகிறதா என்று பாருங்கள்.

"ஒரு வளைவுக்கு ஒரு தலை", அதாவது வெட்டிய தலைகளின் கணக்குதான் வளைவு என்று விற்பவர் சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த வாளைக் கேளுங்கள்.

அப்படியானால் வயதை எங்கே பார்ப்பது?

கங்யாவும் அலகும் சேரும் கோட்டில். வேறெங்கும் பார்ப்பதற்கு முன் அங்கே பாருங்கள்.

பழைய கிரிஸில் கங்யா தனித் துண்டு. நடுவில் துளை போட்டு, காம்பை அதில் நுழைத்து, அலகின் தோளில் இறுக்கி உட்கார வைத்திருப்பார்கள். இரண்டு இரும்பும் ஒட்டும் இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு ஓடும். அந்தக் கோடு போகிற பாதைதான் கடிகாரம்.

கோடு ஓரம் முதல் ஓரம் வரை நேராக ஓடினால், பெரும்பாலும் 18-ஆம் நூற்றாண்டோ அதற்கு முந்தியதோ என்று சேகரிப்பாளர்கள் வைப்பார்கள். நேராக வந்து, ஒரு ஓரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் ஏறத்தாழ 45 பாகைக்குச் சரிந்து இறங்கினால் 19-ஆம் நூற்றாண்டும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கமும். தனிக் கங்யாவே இல்லாமல் அலகோடு ஒரே இரும்பாக அடித்திருந்தால், ஏறக்குறைய 1930-க்குப் பிந்தியது.

இது கைக்கணக்கு, கல்வெட்டு அல்ல. ஊரும் தீவும் வேறு வேறு. ஒரு கொல்லர் தாத்தா காட்டிய முறையை விடாமல் பிடித்திருப்பார், பக்கத்து ஊர்க்காரர் முன்னாடியே மாறியிருப்பார். அதனால் நான் "1780" என்று ஒருநாளும் எழுதுவதில்லை. "18-ஆம் நூற்றாண்டாக இருக்கலாம், மற்ற அடையாளங்களும் ஒத்துப்போகின்றன" என்றுதான் எழுதுவேன். ஏலப் பட்டியலில் ஒற்றை வருஷம் போட்டிருந்தால், அந்த வருஷத்துக்கு ஆதாரமாகத் தாள் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள்.

கோடு இருந்தால் தனிக் கங்யா என்று நம்பலாமா?

நானும் அப்படித்தான் நம்பினேன். பல வருஷம் முன்பு பினாங்கில் ஒரு பழம்பொருள் கடையில் என் முதல் கிரிஸை வாங்கினேன். 45 பாகை, அளந்து வைத்தது போல அவ்வளவு துல்லியமான கோடு. வீட்டுக்கு வந்து பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கோட்டின் அடியில் வெளிச்சம் மின்னியது. அதாவது அதற்கு அடித்தளம் இருந்தது. உளியால் கீறிய பள்ளம்! உண்மையான இணைப்பாக இருந்தால் லென்ஸில் அடி தெரியாது, இருட்டுதான் தெரியும். அந்த வாள் இப்போது சமையலறைச் சுவரில் தொங்குகிறது. விருந்தாளிகளுக்கு அதுதான் மிகவும் பிடிக்கிறது.

ஒரே இரும்பில் அடித்து, பழைய பாணிக்காகக் கோடு மட்டும் கீறுவது ஏமாற்று வேலை என்று எப்போதும் சொல்லிவிட முடியாது. பிற்காலக் கொல்லர்கள் வழக்கத்தை மதித்துப் போட்ட அலங்காரமாகவும் இருக்கும். அதைப் பழசு என்று விலை சொல்வதுதான் ஏமாற்று.

பிரித்தறிய மூன்று வழிகள் சொல்கிறேன். முதலாவது எண்ணெய். கங்யா பகுதியில் தையல் மெஷின் எண்ணெய் தாராளமாக விட்டு, ஒரு மணி நேரம் கழித்து உலர்ந்த துணியால் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். மறுநாள் காலை பாருங்கள். உண்மையான இணைப்பு இரவெல்லாம் குடித்த எண்ணெயைக் கோட்டு வழியாகக் கசியவிட்டிருக்கும். சில நேரம் பழுப்புத் துருநீரும் சேர்ந்து வரும். கீறிய கோடு காய்ந்து கிடக்கும்.

இரண்டாவது, கோட்டை ஓரம்வரை தொடர்ந்து போய், அலகின் விளிம்பைச் சுற்றி அது மறுமுகத்துக்குப் போகிறதா என்று பார்ப்பது. கீறுகிறவர்கள் இரண்டு முகத்திலும் கீறுவார்கள், விளிம்பில் சோம்பல்பட்டு விட்டுவிடுவார்கள்.

மூன்றாவது இரும்பின் ரேகை. பழைய அலகுக்கு இரும்பை மடித்து மடித்து அடிப்பார்கள்; அமிலம் பூசினால் அந்த மடிப்பு ரேகைகள் தெரியும், முனைப்பக்கமிருந்து மேலே ஓடி வரும். தனிக் கங்யா என்றால் கோட்டில் வந்ததும் அவை அறுந்து நிற்கும். கங்யாவின் ரேகை தன்போக்கில், பெரும்பாலும் குறுக்கே ஓடும். ஒரே இரும்பு என்றால் ரேகை கோட்டைக் கண்டுகொள்ளாமல் மேலே போய்விடும்.

அசாங்-அசாங் எத்தனை இருக்க வேண்டும்?

ஒன்றும் இருக்கும், இரண்டும் இருக்கும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இருந்தால் பொதுவாக வாளும் நல்லது, வயதும் கூடுதல் என்று எடுத்துக்கொள்கிறோம். இரும்பு, செம்பு, வெள்ளி, தங்கமும் செம்பும் கலந்த சுவாசா என உடையவரின் தகுதிக்கேற்ப உலோகம் மாறும். வேலை செய்கிற அசாங்-அசாங் பிடியின் சுற்றுக் கயிற்றுக்கு அடியில் நெடுக மேலே போயிருக்கும், அலகை இறுக்கிப் பிடித்திருக்கும். விரலால் தள்ளினால் ஆடுகிற, பிடி விளிம்போடு நின்றுவிடுகிற தகரத்துண்டு வெறும் அலங்காரம். பட்டை அலுமினியமாக இருந்தால் அந்தப் பட்டை 20-ஆம் நூற்றாண்டுதான். அதற்காக அலகும் அப்படித்தான் என்று அர்த்தமில்லை. ஆரம்பத்தில் சொன்னதை மறக்க வேண்டாம்.

அலகின் அளவிலும் இரும்பிலும் வயது தெரியுமா?

ஓரளவு தெரியும். மிகப் பழைய அலகுகள் சிறியவை, ஒடுங்கியவை. கெரிஸின் சாயல் இன்னும் விட்டுப்போகாதவை. 19-ஆம் நூற்றாண்டில் அலகு நீண்டு அகன்றது. ஸ்பானியர்களோடும் பிறகு அமெரிக்கர்களோடும் நடந்த நீண்ட சண்டைகள் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

பழைய அலகில் நடுவே முறுக்கி அடித்த மெல்லிரும்பும் ஓரத்தில் கடின எஃகும் சேர்ந்திருக்கும். நல்ல வாள்களில் அந்த முறுக்கு கயிறு போல அலகு நெடுகத் தெரியும். பிற்காலத்தில் லாரி, ஜீப் ஓடத் தொடங்கிய பிறகு, உலகத்தில் எல்லாக் கொல்லர்களும் செய்ததையே இவர்களும் செய்தார்கள். பட்டை ஸ்பிரிங்கை எடுத்து அடித்தார்கள். அதுவும் நல்ல எஃகுதான், வெட்டும். ஆனால் அமிலம் விட்டால் ஒரே சாம்பல் நிறம், ரேகை இருக்காது.

வினிகர் விட்டுப் பார்க்கலாம் என்கிறார்கள். அலகு கெட்டுவிடாதா?

அவசரப்பட்டால் கெடும். ஜாவாவில் கெரிஸுக்குச் சங்குப்பாஷாணம் என்ற ஆர்செனிக் நஞ்சும் எலுமிச்சைச் சாறும் கலந்து பூசுவார்கள். அதை வீட்டில் யாரும் செய்யக்கூடாது, உயிருக்கு ஆபத்து. சாதாரண வெள்ளை வினிகர் போதும்.

பிடியையும் அசாங்-அசாங்கையும் பிளாஸ்டிக் தாளால் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். செம்பின்மேல் பட்ட வினிகர் இரும்பின்மேல் ஓடினால் இளஞ்சிவப்புக் கறை படியும். அது போகவே போகாது. அலகில் இருக்கும் பழைய எண்ணெயை ஸ்பிரிட்டால் துடைத்துவிடுங்கள். விரல் ரேகை எண்ணெய்கூட இருக்கக்கூடாது. வினிகரைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, பஞ்சில் தோய்த்து, அலகு நெடுகத் தடவிக்கொண்டே இருங்கள். முதல் இரண்டு மூன்று நிமிஷம் ஒன்றும் நடக்காது. பிறகு அலகு மங்கும், சின்னச் சின்னக் குமிழி எழும். அடுத்து, டிஜிட்டல் கேமரா இல்லாத காலத்தில் போட்டோ கழுவும் தட்டில் முகம் எழுந்து வருமே, அதே மாதிரி ஓரத்தில் எஃகு கறுத்து, நடுவில் இரும்பு வெளிறி, இடையில் மடிப்புக் கோடுகள் ஒவ்வொன்றாக மேலே வரும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

கோடு தெளிந்ததும் நிறுத்திவிடுங்கள். தண்ணீரில் சமையல் சோடா கரைத்துக் கழுவி, முடி உலர்த்தும் மெஷினால் காற்றடித்து, கங்யா இடுக்கில் ஈரம் தங்காமல் பார்த்து, எண்ணெய் பூசுங்கள். பழம் மெருகு ஏறி ஏற்கெனவே ரேகை தெரிகிற அலகாக இருந்தால் எதையும் தொடாதீர்கள். கம்பி பிரஷ், எமரித் தாள், சக்கரம் இவற்றின் பக்கமே போக வேண்டாம். கங்யாவின் சின்ன முட்களை ஐந்து நிமிஷத்தில் அழித்துவிட்ட ஒரு வாளைப் பார்த்திருக்கிறேன். மனசு ஆறவில்லை.

தலைக்குமிழை வைத்து எந்த மக்களுடையது என்று சொல்ல முடியுமா?

கிரிஸின் அடையாளம் போலவே ஆகிவிட்ட வடிவம் கக்கத்துவா, அதாவது கொண்டையுள்ள கிளி. ஒரு பக்கம் கிளியின் மூக்கு, எதிர்ப்பக்கம் கொண்டை. சூலு பக்கத்துப் பிடிகளில் இந்த வடிவம் ஒழுங்காகவும் அளவோடும் இருக்கும். பனாத்தி என்ற மரத்தின் முண்டில் செதுக்குவார்கள். வெளிச்சத்தில் திருப்பினால் பட்டுத்துணி போல மின்னும் மரம் அது. மரனாவோ பிடிகளில் வடிவம் பெரிது, உலோக மோகமும் அதிகம். பித்தளை, வெள்ளி, முத்துச்சிப்பி என்று போட்டுத் தாக்குவார்கள். லானாவோ ஏரிக்கரையில் துகாயா என்ற ஊர் இன்றும் பித்தளை வேலைக்குப் பெயர்போனது. அந்தக் கைதான் பிடியிலும் தெரிகிறது. அவர்களின் கொடி போன்ற செதுக்கு வேலைக்கு ஒகிர் என்று பெயர்.

கிளியின் கொண்டையும் மூக்கும் அளவுமீறி நீண்டு, தந்தத்தில் செதுக்கியிருந்தால் அது ஜுங்காயன். தலைவர்களான தாத்துக்களின் வாள் அது. அதைக் கொண்டு சண்டை போட முடியாது, சபையில் உட்காரத்தான் முடியும்.

குதிரைக் குளம்பு போல, கிளியும் கொண்டையும் இல்லாத மொட்டைக் குமிழ் ஒன்று உண்டு. அழகில்லை என்று பலர் தாண்டிப் போய்விடுவார்கள். பழைய பாணி அதுதான். எளிமையான குளம்புப் பிடி, நேர்கோட்டுக் கங்யா, ஒடுங்கிய அலகு மூன்றும் சேர்ந்து வந்தால் உட்கார்ந்து நிதானமாகப் பாருங்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பிடியைக் காம்போடு ஒட்டியிருப்பது மரப்பிசின்தான், நம் ஊர்க் குங்கிலியம் மாதிரி. சூடு காட்டினால் கழன்றுவிடும். உடைந்த பிடியை மாற்றுவது அங்கே சர்வ சாதாரணம். கல்யாணத்தில், கைமாறியதில், கொள்ளையில் வாள் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போயிருக்கும். மரனாவோ பிடி போட்ட சூலு அலகு இருந்தால் அது போலி என்று பொருளல்ல. அந்த வாள் ஊர் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

உறை?

வயது சொல்ல மிகவும் பலவீனமான சாட்சி. மரம், பிரம்புக் கட்டு, ஈரப்பதமான கடலோரம். எளிதில் இற்றுப்போகும், எளிதில் மாற்றுவார்கள். பல உறைகள் நர்ரா மரம், நம் வேங்கைக்கு நெருங்கிய சொந்தம். பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. உறையின் வாய்ப்பகுதி படகு வடிவில் இருக்கும், அதன் மேல்புறம் கங்யாவின் கோணலுக்கு ஏற்றபடி குடைந்திருக்கும். வாளை உள்ளே விடுங்கள். கங்யா அந்தக் குடைவில் அசையாமல் உட்கார்ந்தால் ஜோடி சரி. இடைவெளி தெரிந்தால் இரவல் உறை.

"அமெரிக்கச் சிப்பாய் கொண்டுவந்தது" என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. நம்பலாமா?

சீட்டு நல்ல விஷயம், ஏனென்றால் அது உச்சவரம்பு தருகிறது. 1902 என்று போட்டிருந்தால் வாள் அதற்குப் பிறகு பிறந்திருக்க முடியாது. எவ்வளவு முன்னே என்பதைச் சீட்டு சொல்லாது.

பின்னணி தெரிந்தால் சீட்டைச் சோதிக்கலாம். மிண்டனாவோவின் மேற்கு முனையில் இருக்கும் சம்போவாங்காவில் ஸ்பானியர்கள் 1635-இல் கோட்டை கட்டினார்கள். ஆனாலும் சூலுவின் தலைநகரான ஹோலோ அவர்கள் கைக்கு நிலையாக வந்தது 1876-இல்தான். 1887-இல் மாட்ரிடில் நடந்த பிலிப்பைன்ஸ் கண்காட்சிக்குப் போன பொருள்கள் அங்குள்ள மானுடவியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1898 டிசம்பரில் பாரிஸ் உடன்படிக்கையால் நாடு அமெரிக்காவிடம் போனது. 1899 ஆகஸ்டில் சூலு சுல்தானோடு பேட்ஸ் ஒப்பந்தம். 1906 மார்ச்சில் புட் தஹோ மலையில் பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கான மோரோக்களை அமெரிக்கப் படை கொன்றது. 1911 செப்டம்பரில் ஆளுநராக இருந்த ஜான் பெர்ஷிங் மோரோக்களின் ஆயுதங்களைப் பறிக்க உத்தரவு போட்டார். 1913 ஜூனில் புட் பக்சாக் சண்டை.

இப்போது மேற்கில் சந்தைக்கு வரும் நல்ல கிரிஸ்களில் பெரும்பங்கு 1899 முதல் 1913 வரையான இந்தப் பதினைந்து வருஷத்தில் கப்பலேறியவை. வாளின் அழகைப் பார்க்கும்போது அதை யார் கையிலிருந்து, எந்த நிலையில் எடுத்தார்கள் என்ற கேள்வியும் கூடவே வரத்தான் செய்யும். எனக்கு வருகிறது. சீட்டுள்ள ஒரு வாளை வாங்காமல் விட்டதும் உண்டு.

சீட்டில் உள்ள படைப்பிரிவு அந்த வருஷத்தில் அந்தத் தீவில் இருந்ததா என்று பாருங்கள். கூடவே, சீட்டு கட்டியிருக்கும் நூலும் சீட்டின் காகிதமும் ஒரே அளவு பழுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய சீட்டைப் புது வாளில் கட்ட ஒரு நிமிஷம் போதும்.

அலகு கறுப்பாக இருக்கிறது. விஷம் தோய்த்ததா?

இல்லை. அமிலம் காட்டிய எஃகு கறுக்கும், துரு முதிர்ந்தாலும் கறுக்கும். அலகில் ஓடும் பள்ளக்கோடு "இரத்தம் வடிய" என்பதும் கதைதான். கனத்தைக் குறைக்கவும் அழகுக்கும் போட்டது.

சுற்றுலாப் பொருள்களை எப்படி ஒதுக்குவது?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சிப்பாய்களுக்கும் பயணிகளுக்கும் ஏராளமாகச் செய்து விற்றார்கள். தட்டையான தகடு, அரைச்சக்கரத்தில் பிடித்த கூர், கூர் என்ற பெயருக்கு மழுங்கல், அலகில் ஊர்ப்பெயர், வார்னிஷ் பூசிய பிடி. கையில் எடுத்தால் கனம் முழுவதும் முனைப்பக்கம் இழுக்கும். பழைய வாளில் அலகு பிடிப்பக்கம் தடித்து, முனை நோக்கி மெலிந்துகொண்டே போகும். விரலால் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழே இழுத்துப் பார்த்தாலே தெரியும்.

இப்போதைய தலைவலி வேறு. இந்தோனேசியாவில், மதுராத் தீவு போன்ற இடங்களில், கைதேர்ந்த கெரிஸ் கொல்லர்கள் சுண்டாங் வடிவிலும் செய்கிறார்கள். இரும்பு உண்மையாகவே மடித்து அடித்தது, கங்யாவும் தனித்துண்டு. திறமை மெய், வயதுதான் பொய். இவற்றில் அமிலத்தால் அரித்த ரேகை விரலுக்கு மேடும் பள்ளமுமாகத் தட்டுப்படும். துரு எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் இருக்கும். மனிதன் நூறு வருஷம் பயன்படுத்திய வாளில் பிடிக்கு அருகே கைபட்ட இடம் ஒரு மாதிரி, உறைவாயில் உரசிய இடம் இன்னொரு மாதிரி, கூர் தீட்டித் தீட்டித் தேய்ந்த இடம் வேறு மாதிரி.

தந்தப் பிடி வாங்கலாமா?

யோசித்துச் செய்யுங்கள். இந்தியாவில் தந்த வியாபாரத்துக்கு இடமில்லை. இறக்குமதித் தந்தமும் 1991 திருத்தத்தோடு வனவிலங்குச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 1 முதல் உள்நாட்டு விற்பனையும் தடை. எல்லை தாண்டினால் பறிமுதல் ஆகும். வாளே ஆயுதச் சட்டத்துக்குள் வரும் பொருள் என்பதால், எந்த நாட்டில் இருந்தாலும் அந்த நாட்டு விதியைக் கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள். பிலிப்பைன்ஸிலிருந்து பழம்பொருள் வெளியே வரவும் அனுமதி வேண்டும்.

ஒரு வாளை எடுத்து நீங்களே சொல்லிக்காட்ட முடியுமா?

இப்போது மேசையில் இருப்பது. அலகு 47 சென்டிமீட்டர், ஒன்பது வளைவு, ஆழமாக, முனைப்பக்கம் சிறுத்து. கங்யாக் கோடு ஓரம் முதல் ஓரம் நேர். நேற்று எண்ணெய் விட்டேன், காலையில் கோட்டில் பழுப்பாகக் கசிந்திருந்தது. நடுவில் முறுக்கு ரேகை, கங்யாவில் அது குறுக்கே ஓடுகிறது. ஆக அலகு 18-ஆம் நூற்றாண்டு என்று வைக்கிறேன். பிந்தினாலும் 19-ஆம் நூற்றாண்டின் ஆரம்பம்.

அசாங்-அசாங் இரண்டு. ஒன்று இரும்பு, தேய்ந்தது. இன்னொன்று செம்பு, அதைவிடப் புதிது. எப்போதோ ஒன்று கழன்று, மாற்றியிருக்கிறார்கள். பிடி பனாத்தி மரத்துக் கக்கத்துவா, சூலு கை, கொண்டையின் நுனி உடைந்து அந்த உடைவும் கைபட்டு வழவழத்துவிட்டது. பிடியை 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதி என்பேன். உறை நர்ரா, பிரம்புக் கட்டு போய், அந்த இடத்தில் பித்தளை ஆணி. கங்யா குடைவில் உட்காரவில்லை, இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி. இரவல்.

குறிப்பேட்டில் மூன்று வரி எழுதினேன். அலகுக்கு ஒன்று, பிடிக்கு ஒன்று, உறைக்கு ஒன்று.

விற்பவரிடம் என்னென்ன படம் கேட்க வேண்டும்?

கங்யாவின் இரண்டு முகமும், பக்கவெளிச்சத்தில், கோடு தெளிவாகத் தெரியும்படி. கங்யாவின் இரண்டு விளிம்பும். அசாங்-அசாங் பிடிக்குள் நுழையும் இடம். பிடியை மேலிருந்து. அலகை முனைப்பக்கமிருந்து, கண்ணுக்கு நேராக வைத்து. வாள் பாதி உறைக்குள் இருக்கும்போது ஒன்று, முழுதும் போனபின் ஒன்று. சிவப்புத் துணிமேல் வாளைச் சாய்த்து வைத்த அழகான முழுப்படம் தானாகவே வரும், அதைக் கேட்க வேண்டாம்.

"விளிம்புப் படம் எடுக்க முடியவில்லை" என்று இரண்டு முறை பதில் வந்தால் நான் மூன்றாம் முறை கேட்பதில்லை.